பறவையின் செவிவழி நரம்பிணைப்புகள் எப்படி மாறுகின்றன: புதிதாகப் படிக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அடிக்கடி பயன்படும் நரம்பிணைப்பு வலுப்பெறும், பயன்படாதது மெலிந்து மறையும் என்ற எளிய படத்தோடுதான் பெரும்பாலான மாணவர்கள் இந்தப் பாடத்துக்குள் நுழைகிறார்கள். பறவையின் செவிவழியில் அந்தப் படம் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். இங்கே மிகுதியாகப் பயன்படும் இணைப்பு சில மில்லிநொடிகளில் மெலிகிறது. காதிலிருந்து வரும் செய்தியை முற்றிலும் இழந்த நியூரான்களில் உயிர் பிழைத்தவை, முன்னைவிட எளிதில் தூண்டப்படும் நிலைக்குத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. தேவையற்றுப்போன பழைய இணைப்பு அழிக்கப்படாமல் அடக்கி வைக்கப்படுகிறது. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் பார்க்கும்போது, 'இந்த மாற்றம் எந்தக் கணக்கைக் கெடாமல் காக்கிறது?' என்று கேட்டுக்கொண்டே வந்தால் பாடம் தானாகக் கோவைப்படும். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு அடுக்கப்பட்டவை. இவற்றுக்கு ஒரு வெள்ளைத் தாள், இரண்டு நிறப் பென்சில்கள், கணினியில் ஒரு விரிதாள் ஆகியவை போதும்.

முதல் படி: சுற்றை வரையுங்கள்

வெள்ளை முக ஆந்தையான அழகான கூகையிலிருந்து தொடங்கவே எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் கோழிக்குஞ்சிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அதன் சுற்று எளியது. முட்டை 21 நாட்களில் பொரிவதால் வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் நாள் கணக்கில் பின்தொடர முடிகிறது. இணைப்புகள் பற்றிய அடிப்படைச் சோதனைகளில் பெரும்பகுதியும் கோழியில்தான் நடந்துள்ளது.

தாளின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு காக்ளியாவை, அதாவது உள்காதில் ஒலியை உணரும் உறுப்பை, வரையுங்கள். பள்ளிப் பாடநூலில் காக்ளியாவை 'நத்தை' என்று படித்திருப்போம். பறவைக்கு அந்தப் பெயர் பொருந்தாது, ஏனெனில் அதனிடம் இருப்பது சுருளாத, சற்றே வளைந்த சிறு குழல். அதிலுள்ள மயிர்ச்செல்கள் ஒலியதிர்வை மின்குறியாக மாற்றுகின்றன. அங்கிருந்து புறப்படும் செவி நரம்பின் இழை ஒவ்வொன்றும் மூளைத்தண்டை அடைந்ததும் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை நியூக்ளியஸ் மேக்னோசெல்லுலாரிஸ் என்ற நியூரான் தொகுதிக்கும், மற்றொன்று நியூக்ளியஸ் அங்குலாரிஸ் என்ற தொகுதிக்கும் செல்கிறது. முன்னதைச் சுருக்கமாக 'மேக்னோ' என்றும் பின்னதை 'அங்குலாரிஸ்' என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

ஒலி எப்போது வந்தது என்ற செய்தியை மேக்னோ சுமக்கிறது. எவ்வளவு உரத்து வந்தது என்ற செய்தியை அங்குலாரிஸ் சுமக்கிறது. டாகஹாஷி, மோய்செஃப், கொனிஷி ஆகிய மூவரும் 1984-இல் கூகையில் இத்தொகுதிகளை ஒவ்வொன்றாக மரத்துப்போகச் செய்து இந்த வேலைப் பிரிவினையைக் காட்டினார்கள். படத்தில் இந்த இரண்டு வழிகளுக்கும் இரண்டு நிறம் தருவது பின்னால் உதவும்.

அடுத்து, ஒவ்வொரு மேக்னோவிலிருந்தும் இருபுறத்திற்கும் கோடுகள் இழுத்து, அவை நியூக்ளியஸ் லாமினாரிஸ் என்ற மெல்லிய அடுக்கில் சென்று சேருமாறு வரையுங்கள். லாமினாரிஸ் நியூரானுக்கு மேலே ஒரு கொத்தும் கீழே ஒரு கொத்துமாக டெண்ட்ரைட்டுகள், அதாவது செய்தியை ஏற்கும் கிளைகள், உள்ளன. மேல் கொத்து தன் பக்கத்துக் காதின் செய்தியையும், கீழ்க் கொத்து எதிர்ப்பக்கத்துக் காதின் செய்தியையும் பெறுகிறது. இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போதுதான் அந்த நியூரான் வலுவாகத் துடிக்கிறது, அதாவது மின்துடிப்புகளை வெளியிடுகிறது. ஒலியின் திசையை இப்படிக் காலத்தாமதங்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்தை லாய்டு ஜெஃப்ரஸ் 1948-இல் முன்வைத்தார். அதற்குத் தேவையான தாமதக் கோடுகள், அதாவது செய்தியைச் சற்றுத் தாமதித்துச் சேர்க்கும் இழைகள், கூகையின் மூளைத்தண்டில் உண்மையாகவே இருப்பதைக் கேத்தரின் காரும் மசகாசு கொனிஷியும் பிற்பாடு காட்டினார்கள்.

கடைசியாக, கீழே ஓரத்தில் மேல் ஆலிவரித் தொகுதி என்ற இன்னொரு நியூரான் தொகுதியை வரைந்து, அங்கிருந்து மேக்னோ, அங்குலாரிஸ், லாமினாரிஸ் மூன்றுக்கும் திரும்பிச் செல்லும் கோடுகளைச் சேர்த்துவிடுங்கள். இவை காபா என்ற வேதிப்பொருளை விடுவிக்கும் அடக்கும் கோடுகள். புதியவர்கள் இவற்றை வரையாமல் விடுவது வழக்கம்; மூன்றாம் படியில் இவை இல்லாமல் கணக்கு முடியாது.

இரண்டாம் படி: காலத்தின் நுண்மையை ஒரு முறை கணக்கிடுங்கள்

இரு காதுகளுக்கும் இடையே 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் செல்கிறது. பக்கவாட்டிலிருந்து நேராக வரும் ஒலி ஒரு காதைத் தொட்டபின் அடுத்த காதைத் தொட எடுக்கும் நேரம் ஏறக்குறைய 88 மைக்ரோநொடிதான். ஒரு நியூரானின் துடிப்போ ஏறத்தாழ ஒரு மில்லிநொடி, அதாவது 1,000 மைக்ரோநொடி நீடிப்பது. தன் துடிப்பின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான வேறுபாட்டை இந்தச் சுற்று அளக்க வேண்டியிருக்கிறது. செவி நரம்பு மேக்னோ நியூரானின் உடலைக் கிண்ணம்போல் கவ்விப் பிடிக்கும் பெரிய முனையை உருவாக்குவதும், மேக்னோ நியூரான்கள் முதிரும்போது டெண்ட்ரைட்டுகளைப் பெரும்பாலும் இழந்துவிடுவதும், செய்தியேற்கும் புரதங்கள் மிக விரைவாகத் திறந்து மூடுவதும் இந்த நெருக்கடியால்தான். இனி வரும் மாற்றங்கள் அனைத்தும் இந்த நேரத் துல்லியத்தைக் கெடுக்காமல் நிகழவேண்டும் என்பதை மறவாதிருங்கள்.

மூன்றாம் படி: மெலிதலை விரிதாளில் செய்துபாருங்கள்

இந்தப் படியில் ஒரு மாலை முழுவதும் செலவழித்தாலும் தகும். மாற்றங்களில் மிக விரைவானதான குறுங்கால மெலிதலைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் படிப்பதைவிட ஒரு முறை எண்களாகப் பார்ப்பது தெளிவைத் தரும்.

டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வடைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் பெட்டியில் இருப்பதில் பாதி விற்றுவிடுகிறது. உள்ளே வடை சுடுபவர் இடைவிடாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஆட்கள் அடுத்தடுத்து வந்தால் பிந்தி வருபவருக்குக் கிடைப்பது குறையும். நரம்பு முனையில் வடைக்குப் பதிலாக வேதிச் செய்தி நிறைந்த நுண்பைகள் உள்ளன.

விரிதாளில் முதல் நிரலுக்கு 'இருப்பு' என்றும் இரண்டாவதற்கு 'செலவு' என்றும் பெயரிடுங்கள். தொடக்க இருப்பு 1. ஒவ்வொரு துடிப்பிலும் இருப்பில் பாதி செலவாகட்டும். குறைந்த அளவு மீண்டும் நிரம்பும் காலமாறிலி 100 மில்லிநொடி என்று கொள்ளுங்கள்; அதாவது t மில்லிநொடி கழித்துக் குறையில் e^(−t/100) பங்கு நிரம்பாமல் எஞ்சும். (இவை கற்பதற்காக நான் தேர்ந்த எண்கள், அளந்த மதிப்புகள் இணைப்புக்கு இணைப்பு வேறுபடும்.) நொடிக்கு 100 துடிப்பு, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒன்று என்றால், துடிப்புகளுக்கு நடுவே குறையில் 90.5 விழுக்காடு நிரம்பாமலே எஞ்சும். வரிசையாகக் கணக்கிட்டால் செலவு 0.50, 0.27, 0.17, 0.13 என்று இறங்கி, இறுதியில் 0.087 அளவில் நிலைபெறுவதைக் காண்பீர்கள்.

இப்போது வேகத்தை நொடிக்கு 200 துடிப்பாக இரட்டியுங்கள். நிலைபெறும் செலவு 0.047 ஆகக் குறையும். ஒரு நொடியில் மொத்தம் எவ்வளவு விடுவிக்கப்படுகிறது என்று பெருக்கிப் பாருங்கள்: முதலில் சுமார் 8.7, பின்னர் சுமார் 9.3. துடிப்பு இருமடங்கானபோதும் கடத்தப்படும் மொத்த அளவு 7 விழுக்காடுதான் கூடுகிறது.

இந்த எண்ணின் பொருளை லாமினாரிஸ் நியூரானின் நிலையில் நின்று யோசியுங்கள். ஒலி உரக்கும்போது மேக்னோவின் துடிப்பு வேகம் கூடும். மெலிதல் இல்லையென்றால், ஒரே காதிலிருந்து வரும் உரத்த ஒலி மட்டுமே லாமினாரிஸ் நியூரானைத் துடிக்க வைத்துவிடும். இரண்டு காதுகளின் செய்தியும் ஒன்றாகச் சேர்ந்தன என்று அது பொய் சொல்லத் தொடங்கும். மெலிதல் இருப்பதால் ஒலியின் உரப்பு பெருமளவு கழிக்கப்பட்டு, நேரம் மட்டும் மிஞ்சுகிறது. குக், ஸ்பெயின் முதலியோர் 2003-இல் நேச்சர் இதழில் கோழியின் லாமினாரிஸை வைத்து முன்வைத்த விளக்கம் இதுவே. 'மெலிதல்' என்ற சொல் ஒரு குறையைச் சொல்வதுபோல் ஒலித்தாலும், இங்கே அது கணக்கைக் காக்கும் கருவி.

ஒரே செவி நரம்பின் இன்னொரு கிளை அங்குலாரிஸுக்குச் செல்வதை முதல் படியில் வரைந்தோம். அதன் வேலை உரப்பைச் சொல்வது. அங்கும் இதே மெலிதல் இருந்தால் அந்த வேலை நடக்காது. மேக்லியாட், ஹொரியூச்சி, கார் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குலாரிஸின் இணைப்புகளில் மெலிதலோடு வலுப்பெறுதலும் கலந்திருப்பதும், அதனால் துடிப்பு வேகம் கூடும்போது கடத்தப்படுவதும் கூடுவதும் தெரியவந்தது. ஒரே நரம்பிழை, போய்ச்சேரும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது. இந்தப் பாடம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

மெலிதல் அளவு மீறினால் என்ன? அங்கேதான் ஓரத்தில் வரைந்த காபாக் கோடுகள் வருகின்றன. விரிதாளில் ஒவ்வொரு துடிப்பிலும் பாதிக்குப் பதில் கால்பங்கு செலவாகும்படி மாற்றுங்கள். முதல் செலவு பாதியாகிவிடும், ஆனால் நொடிக்கு 100 துடிப்பில் நிலைபெறும் செலவு 0.087-இலிருந்து 0.074-க்குத்தான் இறங்கும். உண்மையான மேக்னோ இணைப்பில் நிகழ்வது இதைவிட வியப்பானது. பிரெனோவிட்ஸ், டேவிட், ட்ரஸ்ஸல் 1998-இல் காட்டியதன்படி, நரம்பு முனையிலுள்ள காபா-பி ஏற்பிகளை (காபாவை ஏற்கும் ஒருவகைப் புரதங்களை) தூண்டி நுண்பை விடுவிப்பைக் குறைத்தபோது, வேகமான தொடர்களின் பிற்பகுதியில் இணைப்பின் வலு கூடியது. நம் எளிய விரிதாள் இதைக் காட்டாது. காரணம், ஏற்கும் பக்கத்திலுள்ள புரதங்கள் மிகுதியான செய்தியில் மூழ்கி மரத்துப்போவதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. விடுவிப்பு குறைந்தால் அவை மரத்துப்போவதும் குறைகிறது. உங்கள் மாதிரி எங்கே பொய்க்கிறது என்பதை இப்படிக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

காபா பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக அது நியூரானின் மின்னழுத்தத்தைக் கீழே இழுப்பதாகப் படித்திருப்போம். மேக்னோவிலும் லாமினாரிஸிலும் அது மின்னழுத்தத்தை மேலே தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது பொட்டாசியத் தடங்கள் (சவ்வில் பொட்டாசியம் கடக்கும் வாயில்கள்) திறந்து, சவ்வில் கசிவு கூடி, அதன்வழியே அடக்குதல் நடைபெறுகிறது.

நான்காம் படி: செய்தி நின்றால் நடப்பதை நாட்களாகப் பின்தொடருங்கள்

இனி நேர அளவு மில்லிநொடியிலிருந்து மணிகளுக்கும் நாட்களுக்கும் மாறுகிறது. ரீட்டா லெவி-மொன்டால்சினி 1949-இல் கோழிக் கருவின் உள்காது உருவாகும் முன்பே அதை நீக்கிவிட்டுப் பார்த்தார். செவி நரம்பே இல்லாதபோதும் மேக்னோ ஏறக்குறைய 11-ஆம் நாள் வரை இயல்பாக வளர்ந்தது. அதன்பிறகே சிதையத் தொடங்கியது. இணைப்பு செயல்படத் தொடங்க வேண்டிய காலமும் அதுவே என்பதால், அதுவரை தேவைப்படாத ஒன்று அந்த நாளிலிருந்து உயிர்த்தேவையாகிறது என்று கொள்ளலாம்.

பொரித்த குஞ்சில் காக்ளியாவை நீக்கினால் வேறொன்று நிகழ்கிறது. எட்வின் ரூபெலும் அவர் குழுவினரும் 1980-களில் செய்த தொடர் ஆய்வுகளின்படி, சில மணி நேரத்திலேயே மேக்னோ நியூரான்களின் புரத உற்பத்தி சரிகிறது, சில நாட்களில் அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு இறக்கின்றன, மீதி பிழைத்துக்கொள்கின்றன. முதிர்ந்த கோழிகளில் இழப்பு இதைவிடக் குறைவு. செய்தி நின்றதும் நியூரானுக்குள் கால்சியம் ஏறுவது பலரையும் குழப்பும் ஒரு விவரம். தூண்டல் இல்லையென்றால் கால்சியம் குறைய வேண்டும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். இயல்பான நிலையில் நரம்பு விடுவிக்கும் குளூட்டமேட் என்ற வேதிச்செய்தி ஒருவகை ஏற்பிகளைத் தூண்டி, கால்சியத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. நரம்பு ஊமையானால் அந்தக் கட்டு தளர்கிறது.

பிழைத்தவை என்ன செய்கின்றன என்பதை ஹிரோஷி கூபாவும் உடன் பணியாற்றியோரும் 2010-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். துடிப்பு பிறக்குமிடம் ஆக்சானின், அதாவது நியூரானிலிருந்து செய்தியை வெளியே கொண்டுசெல்லும் நீண்ட இழையின், தொடக்கப் பகுதி. அங்கே சோடியத் தடங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். காக்ளியாவை நீக்கிய சில நாட்களில் மேக்னோ நியூரான்களின் இந்தப் பகுதி சுமார் 1.7 மடங்கு நீண்டிருந்தது. நியூரானும் எளிதில் தூண்டப்படக்கூடியதாக மாறியிருந்தது. இது இணைப்பில் நேர்ந்த மாற்றமன்று, இணைப்பின் செய்தியை ஏற்கும் நியூரானில் நேர்ந்த மாற்றம் என்ற வேறுபாட்டை உங்கள் குறிப்பேட்டில் தெளிவாக எழுதிவையுங்கள். கேள்வித்தாளில் இரண்டையும் கலந்து எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

லாமினாரிஸ் இன்னும் நேர்த்தியான சோதனைக்களம். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இழைகளை மட்டும் நடுக்கோட்டில் துண்டித்தால், அதே நியூரானின் கீழ்க் கொத்து டெண்ட்ரைட்டுகள் மட்டும் சில மணி நேரத்திலேயே குறுகத் தொடங்குகின்றன. மேல் கொத்து அப்படியே இருக்கிறது. ஒரே உடல், ஒரே இரத்தம், ஒரே செல். மாறுவது ஒரு பாதி மட்டும். எனவே காரணத்தை நியூரானின் பொது நலிவில் தேடமுடியாது, அந்தப் பாதிக்கு வரும் செய்தியில்தான் தேடவேண்டும். நரம்பை வெட்டாமல், உள்காதில் துடிப்பைத் தற்காலிகமாகத் தடுக்கும் நச்சைச் செலுத்தியபோதும் டெண்ட்ரைட்டுகள் குறுகின. தடை நீங்கியபின் மீண்டும் வளர்ந்தன.

ஐந்தாம் படி: கூகைக்கு வாருங்கள்

இப்போது கூகையைத் தொடுவதற்கு நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்கள். தமிழ்நாட்டின் பழைய கட்டடங்களிலும் கோயில் கோபுரங்களிலும் தங்கி, இரவில் வயல் எலிகளைப் பிடிக்கும் அந்த வெள்ளை முகப் பறவை, முழு இருளிலும் காதை மட்டும் நம்பி இரையைப் பிடிக்க வல்லது. எரிக் நட்சனும் கொனிஷியும் 1978-இல் அதன் நடுமூளையில் ஒலி வரும் திசைகளின் வரைபடம் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தனர். இன்ன காலவேறுபாடு என்றால் இன்ன திசை என்பதை அந்த வரைபடம் அனுபவத்தால் கற்றுச் சரிசெய்துகொள்கிறது.

நட்சனின் ஆய்வகம் இளங்கூகைகளுக்குப் பார்வையை 23 பாகை பக்கவாட்டில் நகர்த்தும் முப்பட்டகக் கண்ணாடி அணிவித்தது. கண்ணாடி வழியே பார்க்கும்போது இரை இருக்கும் இடமும் அதன் ஒலி வரும் இடமும் பொருந்துவதில்லை. சில வாரங்களில் செவி வரைபடம் பார்வையோடு பொருந்துமாறு நகர்ந்தது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோநொடி என்று கொண்டால், 23 பாகைக்கு 57 மைக்ரோநொடி அளவு நகர்வு வரும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எந்த இணைப்பு மாறியது என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. மூளைத்தண்டில் காலத்தை அளக்கும் லாமினாரிஸ் மாறவில்லை. அளந்த காலத்தைத் திசையாக மொழிபெயர்க்கும் இடத்தில், அதாவது நடுமூளையில் கீழ் மேடு என்ற செவிப் பகுதியின் மையத்திலிருந்து அதன் வெளிப் பகுதிக்குச் செல்லும் ஆக்சான்களில், புதிய கிளைகள் தோன்றின. அளவுகோலைத் திருத்தாமல் அதன் மேலிருக்கும் எண்களைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பானது இது. பழைய கிளைகளோ அழிந்துவிடவில்லை. காபா அவற்றை வாயடைத்து வைத்திருந்தது, அந்தக் காபாவின் செயலைத் தடுத்தபோது பழைய வரைபடம் மீண்டும் எட்டிப்பார்த்தது.

முழுவளர்ச்சி அடைந்த கூகைகளுக்கு ஒரே வீச்சில் 23 பாகைக் கண்ணாடி அணிவித்தால் வரைபடம் ஏறக்குறைய அசைவதில்லை. ஆனால் லிங்கன்ஹோக்கரும் நட்சனும் 2002-இல் காட்டியதுபோல, சிறுசிறு கோணங்களாகக் கூட்டிக்கொண்டே போனால் அவையும் கணிசமாக மாறுகின்றன. உயிருள்ள இரையைத் தாமே வேட்டையாட விட்ட முதிர்ந்த கூகைகளில், இறந்த இரையை உண்டவற்றைவிட மாற்றம் பெரிதாக இருந்ததும் 2005-இல் தெரியவந்தது. வளர்ந்தபின் கற்க முடியாது என்று எழுதப்பட்ட பழைய பாடநூல் வரிகளைப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுவையுங்கள்.

ஆறாம் படி: ஆய்வுக் கட்டுரையைத் திறக்கும்போது

சுருக்கவுரையை முடித்தவுடன் முடிவுகளுக்குத் தாவாமல், செய்முறைப் பகுதியில் நான்கு செய்திகளைத் தேடி எடுங்கள். விலங்கின் வயது முதலாவது. 18-ஆம் நாள் கருவும் பொரித்துச் சில நாள் ஆன குஞ்சும் ஒன்றல்ல. அடுத்தது வெப்பநிலை. பறவையின் உடல்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். மூளைச் சீவல்களை அறை வெப்பத்தில் வைத்து அளந்த மெலிதலும் மீட்சியும் உயிருள்ள பறவையில் நிகழ்வதைவிட மந்தமாக இருக்கும். மூன்றாவது, சீவலை மூழ்கவைத்த கரைசலின் கால்சியச் செறிவு. அது கூடினால் நுண்பை விடுவிப்பு கூடி, மெலிதலும் மிகையாகத் தெரியும். உங்கள் விரிதாளில் பாதி என்று வைத்த எண்ணை முக்கால் என்று மாற்றினால் இதை உடனே காணலாம்.

நான்காவதை எழுத்தாளர்களே சில சமயம் போகிறபோக்கில் சொல்லிச் செல்வார்கள்: தொகுதியின் எந்த மூலையில் அளந்தார்கள் என்பது. கோழியில் மேக்னோவும் லாமினாரிஸும் சுருதி வரிசையில் அடுக்கப்பட்டவை. முன்-உள் முனை உயர்சுருதிக்கும், பின்-வெளி முனை தாழ்சுருதிக்கும் உரியவை. உயர்சுருதி லாமினாரிஸ் நியூரானின் டெண்ட்ரைட்டுகள் குட்டையானவை. அதன் ஆக்சான் தொடக்கப் பகுதி சிறியது, உடலிலிருந்து தள்ளியிருப்பது. தாழ்சுருதி முனையில் இவை இரண்டும் நேர்மாறாக இருக்கும். இந்த இரண்டு முனைகளில் அளந்த இரு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றினால், முதல் படியில் வரைந்த படத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டுரையும் எங்கே மின்முனையை இறக்கியது என்று ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். முரண்பாடுகளில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.